அம்மணிக்கு, ரப்பர் விஷயமாக

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு, நாற்றும் விட்டாச்சு. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. இதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள், நீ எடுத்திருந்தால்.

போன மாதம் திடீரென்று "டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு எந்த ரப்பர் வாங்கறதுங்கப்பா?" என்று கேட்டாயே, நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நீ பேட்டைத் தொட்டே பத்து வருஷமாச்சு. இப்போது வாரம் நாலு சாயங்காலம் கிளப்புக்குப் போகிறாயாமே. ஜெர்மன்காரிகளைத் தோற்கடிக்கிறாய் என்று தம்பி சொன்னான், கடைவீதியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையும் ஆட வருகிறாரா?

அட்டையில் இருக்கும் நம்பரைப் பார்த்து ஏமாறாதே. ரப்பரின் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சின் கடினத்துக்குச் சீனாக்காரன் அளவு வேறு, ஜெர்மன்காரன் அளவு வேறு. ஹரிக்கேன் 3 என்கிற சீனா ரப்பரில் 39 என்று இருக்கும், உங்கள் ஊர் ரப்பரில் 47.5 என்று இருக்கும். ஆனால் கையில் கல்லு மாதிரி இருப்பது அந்த 39தான். மேல்தோல் பசையாகப் பந்தைப் பிடிக்கும். கையை முழுசாக வீசுகிறவர்களுக்குச் சுழலை அள்ளிக் கொடுக்கும். லேசாகத் தொட்டால் பந்து வலையில் விழும். மெத்து ஸ்பாஞ்ச் அப்படியில்லை, தட்டினாலே பந்தை வாங்கி அனுப்பும். ஓங்கி அடித்தால்தான் அடியில் மரம் இடிக்கும். நீ மேசையை ஒட்டி நின்று, வருகிற பந்தைத் தடுத்துத் திருப்பி பிளாக் ஆடுகிறவள். உனக்கு ஜெர்மன் அளவில் 42.5, கனம் 2 மில்லிமீட்டர் போதும். நான் மார்க் ஃபைவிலேயே காலம் தள்ளினவன். 1969-இல் வந்த ரப்பர், இன்னும் விற்கிறான். அவசரப்பட்டு மாற்றாதே. ஒட்டினால் கொஞ்ச நாள் ஆடிப் பார். அவசரப்பட்டு மாற்றாதே.

மாப்பிள்ளை போனில் பேசி ரொம்ப நாளாச்சு.

மாற்றாதே என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நீ பத்தாவது படிக்கும்போது கோயமுத்தூர் மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி, நீ தூங்கினப்புறம், உன் பேட்டில் இருந்த மெத்து ரப்பரைப் பிய்த்துவிட்டு ஹரிக்கேனை ஒட்டினேன். ஜெயிக்கிறவர்கள் அதைத்தான் போடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பழசு ஓரம் பிய்ந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். "ஒரு மாதிரி இருக்குதுங்கப்பா" என்றாய். "அனுசரிச்சு ஆடு கண்ணு" என்றேன். முதல் சுற்றிலேயே தோற்றாய். கோபிச்செட்டிபாளையம் வரும்வரை பஸ்ஸில் உன்னிடம் பேசவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் பிள்ளைக்குத் தைரியம் பத்தாது என்றேன். உன் அம்மாவுக்குக்கூட இன்றுவரை இது தெரியாது. உன்னைக் கேட்காமல் நான் முடிவு செய்தது அது ஒன்று மட்டுமா.

கைக்குச் சேரவில்லை என்றால் பிய்த்துவிடு. ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழு. வெடுக்கென்று இழுத்தால் மரத்தில் சிம்பும் சேர்ந்து வரும். காசைப் பார்க்காதே, நான் தருகிறேன்.

அம்மா கொள்ளுப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். எத்தனை பேருக்கு என்று மட்டும் எழுது, அதற்குத் தக்கபடி கட்டி அனுப்புகிறேன்.

அப்பா