ஸ்வென் ஒட்டோ நீல்சனின் பாடத்தைத் திருப்பித் தாருங்கள்: நூலாக்கக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலாக்கக் குழுவினருக்கு,

வணக்கம். டென்மார்க்கில் வளரும் நம் பிள்ளைகளுக்கென நீங்கள் வெளியிட்ட தமிழ் வாசிப்புநூலின் புதிய பதிப்பு சென்ற சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் மகளின் கைக்கு வந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நான் எழுதித் தந்த, இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கை ஆக்கிரமித்த ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிய ஸ்வென் ஒட்டோ நீல்சன் பற்றிய பாடம் அதில் இல்லை. அந்த இடத்தில், யூதர்கள் தம்மை அடையாளம் காட்டும் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று ஜெர்மானியர் கட்டளையிட்டதாகவும், மறுநாளே டென்மார்க்கின் பத்தாம் கிறிஸ்தியான் மன்னர் அதைத் தம் நெஞ்சில் அணிந்து குதிரையில் நகர்வலம் வந்ததாகவும் ஒரு கதை அச்சாகியிருக்கிறது. எதிர்ப்பு இயக்கத்தினர் எல்லோருக்குமாகச் சேர்த்து, "சிலர் மறைந்திருந்தும் போராடினார்கள்" என்ற ஒற்றை வரி. என் மகள் "சிலர்" என்ற சொல்லின் மேல் பென்சிலால் "யார்?" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அந்த நட்சத்திரக் கதை நடக்கவில்லை. டென்மார்க்கில் யூதர்களை நட்சத்திரம் அணியும்படி ஒருபோதும் கட்டளையிடவில்லை. ஆகவே மன்னர் அணிவதற்கும் இடமே இருக்கவில்லை. அவர் கொப்பன்ஹேகன் வீதிகளில் காவலர் இன்றிக் குதிரையில் சென்று வந்தது உண்மை, மக்கள் அதில் தைரியம் பெற்றதும் உண்மை. 1943 அக்டோபரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ஜெர்மானியரிடமிருந்து தப்பிப் படகுகளில் சுவீடனுக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் உண்மைதான். ஆனால் அந்தப் படகுகளை ஏற்பாடு செய்தவர்கள், பணம் திரட்டியவர்கள், ஓட்டியவர்கள், வீட்டில் ஒளித்து வைத்தவர்கள் எல்லோரும் சாதாரண மனிதர்கள்.

நீல்சன் ஒரு பள்ளி ஆசிரியர். உங்களில் பலரும் ஆசிரியர்கள் என்பதால்தான் நூற்றுக்கணக்கானோரில் அவரைத் தேர்ந்தேன். 'ஜான்' என்ற மறைபெயரோடு ஹோல்கர் தான்ஸ்கே என்ற எதிர்ப்புக் குழுவில் இயங்கியவர். குரொன்போர்க் கோட்டையின் அடியில் உறங்கும் வீரனொருவன் நாட்டுக்கு ஆபத்து வரும்போது விழித்தெழுவான் என்பது டெனிஷ் மக்களின் பழங்கதை. அந்த வீரனின் பெயரைத்தான் அக்குழு எடுத்துக்கொண்டது. 1943 ஆகஸ்ட் 24 அன்று, ஜெர்மன் படையினரைத் தங்கவைப்பதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஃபோரும் மண்டபத்தைப் பட்டப்பகலில் வெடிவைத்துத் தகர்த்ததும் அக்குழுவே. ஐந்து நாள் கழித்து டெனிஷ் அரசாங்கம் பதவி விலகியது, ஜெர்மானியர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தனர்.

அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று ஒரு பெண் உளவாளி காட்டிக்கொடுத்ததால் நீல்சன் சுற்றி வளைக்கப்பட்டார். உடனிருந்த தோழர் தப்பினார். இவர் சுடப்பட்டு விழுந்தார். தொடையெலும்பு முறிந்துபோயிற்று.

இங்கே சற்று நின்று வாசிக்கும்படி உங்களைக் கேட்கிறேன். உடலிலேயே பெரிய எலும்பு அது. அது முறிந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்காதவரை ஒவ்வொரு புரளலும் வேதனை என்பதை, விழுந்து இடுப்பருகே எலும்பு முறிந்த என் தாயாரின் கட்டிலருகே இரவுகளைக் கழித்த நான் அறிவேன். அவருக்காவது மருத்துவமனையும் மருந்தும் இருந்தன. நீல்சனுக்கு வெஸ்ட்ரே சிறையில் சிகிச்சை மறுக்கப்பட்டது. அந்தக் காலோடுதான் ஜெர்மானியரின் இரகசியப் பொலிஸான கெஸ்டாப்போ அவரை விசாரித்தது, வதைத்தது. 1944 ஏப்ரல் 27 அன்று கொப்பன்ஹேகனின் ரூவாங்கனில் அவரைச் சுட்டுக் கொல்லும் வரை 140 நாட்கள். அப்போது அவருக்கு வயது 35.

அந்த 140 நாட்களைத்தான் நீங்கள் நீக்கினீர்கள். காரணம் கேட்டபோது, முறிந்த எலும்பும் சிறையும் பிள்ளைகளின் மனத்துக்குப் பாரம் என்றும், மன்னரின் கதை அழகாக இருக்கிறது என்றும் உங்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். பிள்ளைகளின் மேல் உங்களுக்குள்ள அக்கறையை நான் ஐயுறவில்லை. ஆயினும் இதே பிள்ளைகள் டெனிஷ் பாடசாலையில் இந்த வரலாற்றைப் படிக்கிறார்கள். மன்னரின் நட்சத்திரம் கட்டுக்கதை என்று அங்கே ஓர் ஆசிரியர் சொல்லும் நாளில், தமிழில் படித்த மற்றவற்றையும் அவர்கள் ஐயத்தோடு பார்க்கமாட்டார்களா? தமிழ்ப் புத்தகம் என்றால் எப்படியும் இருக்கலாம், யார் சரிபார்க்கப்போகிறார்கள் என்ற அலட்சியம் நம்மிடையே பல காலமாக இருக்கிறது. ஆண்டு மாறி அச்சாகிறது, ஊர்ப்பெயர் பிழையாக வருகிறது, படத்தின் கீழ் வேறொருவர் பெயர் நிற்கிறது. சுட்டிக்காட்டுபவர் குறை பிடிப்பவர் ஆகிவிடுகிறார். சனிக்கிழமைக் குளிரில் பிள்ளைகளை எழுப்பி, பேருந்து ஏற்றி அழைத்து வரும் பெற்றோருக்கு இதைவிட மேலானது கிடைக்க வேண்டும்.

மன்னிக்கவும், நான் கேட்க வந்தது இதுதான்: நீல்சனின் பாடத்தைத் திருப்பித் தாருங்கள். வதையின் விவரம் கடுமையாகத் தோன்றினால் குறைத்து எழுதித் தருகிறேன். ஆனால் அவர் பெயரும், அவர் ஆசிரியர் என்பதும், அந்த 140 நாட்களும் இருக்கட்டும். மன்னரின் நட்சத்திரக் கதையை நீக்குங்கள். மறுபதிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு திருத்தத் தாள் அச்சிட்டு எல்லாப் பிரதிகளிலும் வைத்தால் போதும். அச்சுச் செலவை நானே ஏற்கிறேன்.

மே 4 மாலையில், 1945இல் விடுதலைச் செய்தி வந்த இரவின் நினைவாக, எங்கள் தெருவில் பல வீட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்தி எரியும். எங்கள் வீட்டிலும் என் மகள் ஏற்றுவாள். அதற்கு முந்திய சனிக்கிழமைக்குள் அந்தத் தாள் வகுப்புக்கு வந்துசேர ஆவன செய்யுமாறு தயவுடன் வேண்டுகிறேன்.

பணிவுடன்,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை