ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பயணம்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களை நம் பினாங்கு மாநிலத்தின் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு அழைத்துச் செல்ல நாங்கள் அனுப்பிய அனுமதிப் படிவங்களில் சில கையொப்பமின்றித் திரும்பி வந்துள்ளன. ஒரு படிவத்தின் ஓரத்தில் ஒரு தாயார் எழுதியிருந்தார்: “மண் அணைதானே ஐயா, இந்த மழையைத் தாங்குமா?” நியாயமான கேள்வி. 2017 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த குடும்பங்கள் நம் பள்ளியில் உண்டு. அவர்களிடம் வெறுமனே “பயப்படாதீர்கள்” என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேக் லோக் சி கோயிலைத் தாண்டி மலையேறும் சாலையில் இருக்கும் இந்த அணை 1962-இல் கட்டி முடிக்கப்பட்டது. நம் மாநிலத்தின் தெலுக் பஹாங், மெங்குவாங் அணைகளும் மண் அணைகளே. மண் என்றதும் வயல் வரப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். இத்தகைய அணைக்குத் தேர்ந்தெடுத்த மண்ணை மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, கனமான உருளையால் இறுக்கிய பிறகுதான் அடுத்த அடுக்கைப் போடுவார்கள். நடுவில் நீரை எளிதில் விடாத களிமண் வைப்பது வழக்கம். நீர்ப்பக்கச் சரிவை அலை அரிக்காமலிருக்கக் கல் பதிப்பார்கள். மறுபக்கத்தில் புல் மட்டுமே வளர்ப்பார்கள். அங்கே மரம் நட்டால் என்ன என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். மரம் பட்டுப்போனால் அதன் வேர் மக்கிய இடம் நீருக்கு வழியாகிவிடும்.

மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவை மணலும் சரளையும் கொண்ட வடிகால் வழியே வெளியேற்றி, அதன் அளவைக் குறித்து வருவார்கள். தெளிவான நீர் சீராக வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கசிவு திடீரென்று கூடினாலோ, நீர் கலங்கி வந்தாலோ, அணைக்குள் மண் அரிபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்ற மண் அணை முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தபோது, 1976 ஜூன் 5 அன்று காலையில் சேற்று நீர் கசிவதைக் கண்டார்கள். நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது.

இன்னோர் ஆபத்து, நீர் கரைக்கு மேல் வழிவது. மண் கரையின் மேல் வெள்ளம் புரண்டால் அது கரையை அறுத்துவிடும். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பி நகரம் அழிந்தது இப்படித்தான். மச்சு அணையின் மண் கரைகளை வெள்ளம் கொண்டுபோனது. இதைத் தவிர்க்கத்தான் மிகுதி நீர் போக ஒரு வழிந்தோடி வைக்கிறார்கள். தமிழகத்து ஏரிகளுக்குக் கலிங்கு கட்டிய நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். வழிந்தோடியில் குப்பையும் மரக்கிளையும் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது சிறிய வேலையாகத் தோன்றலாம். என்னைக் கேட்டால், அணையைக் காக்கும் வேலைகளில் அதற்கு முதலிடம் தருவேன். மாணவர்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணம். வீட்டுக் குழாயில் வரும் நீருக்குப் பின்னால் எத்தனை பேருடைய கண்காணிப்பு இருக்கிறது என்று பாடநூலைக் காட்டி மட்டும் புரியவைக்க முடியாது.

என் கவலையெல்லாம் நீர் விளிம்பைப் பற்றியது. கல் பதித்த சரிவு வழுக்கும். அதையொட்டியே நீர் ஆழமாகிவிடும். ஆகவே மாணவர்கள் நடைபாதையை விட்டு இறங்க மாட்டார்கள். ஒவ்வொரு சிறு குழுவுடனும் ஓர் ஆசிரியர் இருப்பார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் உடன் வருகிறார்கள். அன்று காலை கனமழையோ இடியோ இருந்தால் பயணத்தை ஒத்திவைப்போம். பஸ் புறப்படும் முன் புலன (வாட்ஸ்அப்) குழுவில் செய்தி வரும்.

பிடிமானமுள்ள காலணியும் மழைச்சட்டையும் கொடுத்து அனுப்புங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் மருந்தை, பெயர் எழுதி, வகுப்பாசிரியரிடம் முன்னதாகவே ஒப்படையுங்கள். இன்னும் தயக்கம் இருந்தால் பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள், நேரில் பேசுவோம். கையொப்பமிட்ட படிவங்கள் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்