பினாங்கில் இறங்க பஸ் எதற்கு? கப்பல்களின் கரைச் சுற்றுலா மேசைக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பி போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவரும் கப்பல்களில் கரைச் சுற்றுலா டிக்கெட் விற்பவர்களுக்கும், அந்த மேசையில் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று முடிவு செய்கிற மேலிடத்தாருக்கும் வணக்கம்.

நான் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன். ஊரிலிருந்து அப்பா அம்மா, மாமனார் மாமியார் என்று யார் வந்தாலும் அவர்களைக் கப்பலில் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. ஓட்டலுக்கு ஓட்டல் பெட்டி தூக்க வேண்டாம், சமையல் கவலை இல்லை, பெரியவர்களுக்கு வசதி. அறையைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ எனக்குப் புகார் கிடையாது. என் வழக்கு ஒன்றுதான். கரையில் இறங்கி என்ன செய்யலாம் என்று கேட்டால், உங்கள் மேசையில் விலைப்பட்டியலை நீட்டுகிறீர்கள்.

பினாங்குக்கு முதல் நாள் சாயங்காலம் ஒருமுறை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் காரைக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர், மகளோடு. "அங்க மாரியம்மன் கோயில் இருக்காமே, நடந்து போற தூரமான்னு கேளுடி" என்றார். மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். மேசையில் இருந்தவர் பினாங்கு மலையும் கெக் லோக் சியும் சேர்ந்த பேருந்துச் சுற்றுலாவின் தாளைத் திருப்பிக் காட்டி, இதில் கோயில் வருகிறது என்றார். வருகிறதுதான், ஆனால் அது புத்தர் கோயில். நடக்கிற தூரமா என்ற கேள்வி அப்படியே நின்றது. அந்த அம்மா டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று இரவு சாப்பாடு பரிமாறிய நாகர்கோவில் பையனிடம் அதே கேள்வியை நான் கேட்டேன். "அண்ணே, பஸ்ஸெல்லாம் எதுக்கு? வெளிய வந்ததும் மணிக்கூண்டு தெரியும். அதைத் தாண்டி உள்ள நடந்தா லிட்டில் இந்தியா வந்துரும். அம்மாவுக்கு முட்டி வலின்னா காலைலயே போயிருங்க, அப்புறம் வெயில் தாங்காது" என்றான்.

அவன் சொன்னதில் பிசகே இல்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர் துறை, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் வாசல்படி மாதிரி. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு ஆனதற்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் கட்டிய மணிக்கூண்டு, பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை, குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளி தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொகிதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 2008-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏறிய அந்தப் பழைய நகரத்தை நடந்தே பார்த்துவிடலாம். மலை ரயில் ஏறியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு வெல்ட் கீ ஜெட்டியிலிருந்து 204-ஆம் எண் பேருந்து மலையடிவாரம்வரை போகிறது. பரிமாறுகிற பையனுக்குத் தெரிந்தது சுற்றுலா மேசைக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்றிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போர்ட் கிளாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் கோலாலம்பூர் என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். கப்பல் நிற்பதோ புலாவ் இண்டா தீவில். வரைபடத்தில் போர்ட் கிளாங் ரயில் நிலையத்தைப் பார்த்துவிட்டு, இறங்கி நடந்து போய் ரயில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. நிலையம் ஊருக்குள் இருக்கிறது, கப்பல் முனையம் தீவில் இருக்கிறது. சாலையில் போனாலும் நகரத்தைத் தொட ஒரு மணி நேரமாவது ஆகும். பத்துமலையோ நகரத்துக்கும் வடக்கே. அங்கே 272 படி ஏறி, முருகனைக் கும்பிட்டு, இறங்கி, சாயங்கால நெரிசலில் திரும்ப வேண்டும். வழியில் தாமதமானால் கப்பல் தன் சொந்தச் சுற்றுலாப் பேருந்துக்காகக் காத்திருக்கும். நாமாகப் பிடித்த டாக்சிக்காகக் காத்திருக்காது. கூடுதல் காசு கொடுத்தாலும் இந்த ஊரில் நான் உங்கள் பேருந்தில்தான் போவேன். எந்த ஊருக்கு உங்கள் பேருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நீங்களே சொன்னால், வேண்டும் என்று சொல்லும் இடத்தில் யாரும் பேரம்கூடப் பேச மாட்டார்கள்.

ஊர் பெயரை வைத்து விற்கிற வேலை உலகம் முழுக்க நடக்கிறது. ரோம் என்றால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில், பாங்காக் என்றால் லெம் சபாங் துறைமுகத்தில். சரி, விளம்பரத்தில் எப்படியோ போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் தாளிலாவது, பஸ்ஸில் எத்தனை மணி நேரம், கோயிலில் எத்தனை நிமிடம் என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். 'எட்டு மணி நேரச் சுற்றுலா' என்பதில் பாதி நேரம் ஜன்னலோரத்தில் கழியும் என்று தெரிந்தால், எங்கள் மாமியார் கப்பலிலேயே இருந்து சாயங்கால டீ குடித்துவிடுவார்.

புக்கெட்டில் வேறு சங்கதி. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும்போது, கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பலில் ஐந்து மணி, கையில் நான்கு மணி. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று கடைத்தெருவில் நிற்பவர்கள் கதி என்ன? புக்கெட்டின் பத்தோங் கடற்கரைப் பக்கம் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்பதால் கடைசிப் படகு போய்விட்டால் போனதுதான். இதை அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளின் கடைசி வரியில் பொடி எழுத்தில் போடுவது அறிவிப்பே ஆகாது.

கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் நடந்தது போதும். தனியார் சுற்றுலா போய்த் தாமதமாகத் திரும்பிய எட்டுப் பேரை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பியது. நாடு நாடாக அலைந்து, கடைசியில் செனகலில்தான் அவர்கள் கப்பலைப் பிடித்தார்கள். இந்தச் சம்பவத்தைக் காட்டி எல்லோரையும் பயமுறுத்தி டிக்கெட் விற்கலாம். எந்த நேரத்துக்குள், எந்தக் கடிகாரப்படி திரும்ப வேண்டும் என்று தெளிவாகவும் சொல்லலாம்.

ஆபத்து விஷயத்தில் நான் இன்னும் கறாராக இருக்கிறேன். 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வக்காரி தீவு எரிமலை வெடித்து 22 பேர் இறந்தார்கள். அன்று தீவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிட்னியிலிருந்து வந்த ஒரு கப்பலின் பயணிகள். மூன்று வாரத்துக்கு முன்பே எச்சரிக்கை நிலை இரண்டாக உயர்த்தப்பட்டிருந்தது. வெடிப்பு நடக்காத காலத்தில் அதற்கு மேல் நிலையே கிடையாது. இதைத் தங்களிடம் சொல்லவில்லை என்று தப்பியவர்களும் குடும்பத்தாரும் பிறகு வழக்குப் போட்டார்கள். நம் கடலிலும் பார்த்தாயிற்று. 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே சுற்றுலாப் படகு ஒன்று மோசமான வானிலையில் மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். மே முதல் அக்டோபர்வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் வேகப்படகுத் தீவுச் சுற்றுலா விற்கும்போது, நேற்றுக் கடல் எப்படி இருந்தது, இன்று வானிலைத் துறை என்ன சொல்கிறது, முதுகுவலிக்காரர் ஏறலாமா, பெரியவர்களுக்கு உயிர்காப்புச் சட்டை உண்டா என்று கேட்கும் முன்பே சொல்ல வேண்டும். கப்பலில் வாங்கினால் பத்திரம் என்று நம்பித்தான் எங்கள் ஆட்கள் இரண்டு பங்கு விலை கொடுக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது, துறைமுகத்துக்கு ஒரு தாள். அதில் கப்பல் சரியாக எங்கே நிற்கிறது, ஊர் எவ்வளவு தூரம், நடக்க முடியுமா, பொதுப் பேருந்து உண்டா, டாக்சிக்குத் தோராயமாக என்ன கொடுக்கலாம், எந்த மணிக்குள் எந்தக் கடிகாரப்படி திரும்ப வேண்டும், படிகள் எத்தனை, கழிப்பறை எங்கே என்று இருக்கட்டும். விற்பனைத் தாளோடு அதைச் சேர்க்காதீர்கள். கமிஷன் தரும் கடைகளின் பெயர் வேண்டவே வேண்டாம். தமிழிலும் அடியுங்கள். நீங்கள் கிளம்பும் ஊரின் ஆட்சிமொழி நான்கில் தமிழும் ஒன்று. கூடவே, கப்பலில் வேலை செய்யும் நம் பையன்களில் ஒருவரைத் துறைமுகத்துக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் அந்த மேசைப் பக்கம் உட்காரவையுங்கள். அவர் கையில் டிக்கெட் கட்டு இருக்கக் கூடாது.

டிசம்பர் விடுமுறைக்கு மறுபடி வருகிறோம், இந்த முறை அத்தையும் சித்தப்பாவும் சேர்ந்து. போர்ட் கிளாங்குக்கு எங்களுக்குப் பேருந்தில் இடம் போட்டு வையுங்கள். பினாங்குக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து ஒரு பயணி