நூறு கிலோமீட்டரும் நான்கு பேரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹாங்காங்கின் ‘டிரெயில்வாக்கர்’ நன்கொடை நடை பற்றிய தங்கள் கட்டுரையில், தினமும் காலையில் நடக்கிற பழக்கம் இருந்தால் யாரும் கலந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பிப் பெயர் கொடுக்கிறவர்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் இந்தக் கடிதம்.

1981-ல் கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கி, 1986 முதல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட நடை அது. மெக்லஹோஸ் மலைப்பாதையில் 100 கி.மீ., 48 மணி நேரத்துக்குள். நான்கு பேர் கொண்ட அணியாகப் பதிவதுதான் அதன் மரபு. நால்வரும் சேர்ந்தே நடக்க வேண்டும். பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்குக் கால் கொப்புளம் புதிதல்ல. ஆனால் அங்கே அவரவர் வேகம் அவரவருக்கு. இங்கே நால்வரில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் அணியின் வேகம்.

கணக்குப் போட்டால் மணிக்கு 2 கி.மீ.க்குச் சற்று மேல் போதும். ஆகவே நேரம் வீணாவது நடையில் அல்ல, நின்ற இடத்தில். வழியில் ஒன்பது செக்பாயின்ட்டுகளில் (அணிகள் நின்று பதிவு செய்துவிட்டுப் போகும் இடங்கள்) இருபது நிமிடம் நின்றால் மூன்று மணி நேரம். நாற்பது நிமிடம் என்றால் ஆறு. ஒருவர் ஷூவைக் கழற்றும்போதே இன்னொருவர் நால்வரின் பாட்டிலையும் நிரப்ப வேண்டும், மூன்றாமவர் சாப்பாட்டைப் பிரிக்க வேண்டும். இதையும் பயிற்சியில் பழகிக்கொள்ள வேண்டும்.

ஏற்றத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், மற்ற மூவரும் மேலே நின்று மூச்சு வாங்கியிருப்பார்கள். அவர் வந்து சேர்ந்ததும் ‘சரி, கிளம்பலாமா?’ என்பார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்குத்தான் அது கிடைக்காமல் போகும்.

பயிற்சிக்குப் பதினாறு வாரம் வேண்டும். வார இறுதி நடை 15 கி.மீ.யில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு மூன்று கி.மீ. கூடட்டும், நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் வாரம் சனிக்கிழமை 35, ஞாயிற்றுக்கிழமை 25. வலித்த காலோடு மறுநாள் நடப்பதுதான் அதன் நோக்கம். கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள். இரவு பத்து மணிக்குக் கிளம்பி விடியும்வரை நடக்கும் நடை குறைந்தது இரண்டு வேண்டும், ஹெட்லேம்ப்பும் மாற்று பேட்டரியும் சகிதம்.

கடற்கரைச் சாலையில் மட்டும் பழகியவர்களை அந்தப் பாதையின் படிகள் வதைத்துவிடும். ஹாங்காங்கின் மிக உயரமான மலையான டாய் மோ ஷான் (957 மீட்டர்) பக்கம் போகும்போது கால் ஏற்கெனவே களைத்திருக்கும். தொடைத் தசையைக் கிழிப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான். அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறி, முதுகுப்பையோடு படியில் இறங்கிப் பழகலாம். (மலைக்கோயில் படிகள் நல்லவைதான், ஆனால் ஷூவோடு ஏற முடியாதே.)

பாதத்துக்கு: ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். பருத்திச் சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைலானோ கம்பளிக் கலப்போ நல்லது. இருபது கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். கால் வீங்கும், ஆகவே ஷூவின் முனையில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். அதே ஷூவில் நூறு கி.மீ.யாவது நடந்திருக்க வேண்டும். நகத்தை மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். ஓரிடம் சுள்ளென்று சுட்டால் அங்கேயே நின்று டேப் ஒட்டுங்கள், ‘அடுத்த செக்பாயின்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் அதற்குள் கொப்புளம் எழும்பிவிடும். தொடை இடுக்கில் பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டியாகி அரைக்கும், வாசலின் தடவுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் அளவு, தாகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல் எல்லாம் அதன் அடையாளங்கள். அப்போது இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து, மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். நடையின்போது உப்பு போட்ட தின்பண்டம் ஏதாவது கையில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரிலேயே கரையுங்கள், அரை லிட்டரில் அல்ல. கடலைமிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் என்று மணிக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிட்டால் போதும். வலிக்கு ஐபுபுரூஃபென் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எந்த நிலை வந்தால் ஒருவர் விலக வேண்டும் என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே நால்வரும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு அந்தப் பேச்சை எடுத்தால், வலிக்கிறவர் ‘பரவாயில்லை’ என்பார். மற்ற மூவரும் அதை நம்பவே ஆசைப்படுவார்கள்.

இப்படிக்கு,
நெடுநடைப் பயிற்சியாளர்கள்,
சென்னை.