நோட்டு கிரேடு பார்க்கப் பழகுவோம்: ஞாயிறு காலை 10 மணி

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு பாளையங்கோட்டையில், நாம் வழக்கமாகக் கூடும் மாடியில், பழைய ரூபாய் நோட்டின் நிலையைப் பார்த்து கிரேடு சொல்லப் பழகுவோம். விற்கிறவர் சொல்லும் கிரேடை அப்படியே நம்பி நம் ஆட்கள் பணம் கொடுப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

1. கிரேடுக்கு மொத்தம் 70 புள்ளி. 60-ம் அதற்கு மேலும் என்றால் புழங்காத நோட்டு, மடிப்பே கூடாது. நடுவில் மெல்லிய மடிப்பு ஒன்று விழுந்தாலே 50-களுக்கு இறங்கிவிடும், விலையும் கூடவே இறங்கும். 20 முதல் 35 வரை என்றால் பல மடிப்பும் லேசான அழுக்கும் இருக்கும். தாள் மட்டும் தொய்ந்திருக்காது.

2. ஸ்டேப்ளர் பின் குத்திய துளையைப் பார்த்ததும் நோட்டை ஒதுக்காதீர்கள். முன்பு வங்கிகளே நோட்டுக் கட்டில் ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் கொடுத்தன. அதனால் துளை இருந்தும் புழங்காத நோட்டாக மதிப்பிடுவது உண்டு. துரு பிடித்திருந்தால் அது வேறு.

3. ஆளுக்கு 2, 3 நோட்டு கொண்டு வாருங்கள். தாத்தா காலத்து பர்மா, சிலோன் நோட்டு வீட்டில் இருந்தால் அவசியம்.

4. தயவுசெய்து கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். இருக்கிற தரமும் போய்விடும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், மைலார் எனும் பாலியஸ்டர் உறை நல்லது.

5. டார்ச், பூதக்கண்ணாடியும் கொண்டு வாருங்கள். வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால்தான் அமுக்கி மறைத்த மடிப்பு தெரியும்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரையும், கொண்டுவரும் நோட்டு எது என்பதையும் இங்கேயே பதிவிடுங்கள். தென்காசி, திருச்செந்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பஸ் நேரத்தையும் சொல்லிவிடுங்கள், காத்திருந்து தொடங்குவோம்.