செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: கும்பகோணம் கடைவீதி வணிகர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மே 5 வணிகர் தினத்துக்கு வழக்கம்போல் கடையடைத்தோம். மாதக் கூட்டங்களும் நடந்தன. யார் யார் வந்தார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை.

இந்த ஆண்டு புதிதாக ஒன்று செய்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைகளுக்குச் சீட்டு கொடுத்து இரண்டே கேள்வி கேட்டோம். இப்போது வியாபாரம் எப்படி? அடுத்த வருஷம் எப்படி இருக்கும்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் வந்த பதில் 'டல்'. இரண்டாவதற்கு 'பரவாயில்லாமல் இருக்கும்'. ரிசர்வ் வங்கி வீடுகளில் எடுக்கும் நுகர்வோர் நம்பிக்கைக் கணக்கெடுப்பிலும் இப்படித்தான்: இன்றைய நிலைக் குறியீட்டைவிட அடுத்த ஆண்டுக் குறியீடு உயரத்தில் நிற்கும். நம் ஊர்க்காரர்கள் மட்டும் விசேஷம் இல்லை.

ஆனாலும் செப்டம்பர் சீட்டில் எழுதியிருந்த 'டல்' நிஜமான டல். ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் அறிவித்தார். அமலுக்கு வந்ததோ செப்டம்பர் 22. நாம் விற்கும் பாத்திரத்துக்கு 12 சதவீத வரி 5 ஆகப் போகிறது என்று தெரிந்தபின் அதற்கு முன்னால் யார் வாங்குவார்கள்? ஆவணி முகூர்த்தத்துக்குச் சீர் எடுக்க வந்தவர்களில் பலர் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு, "இருபத்திரண்டு கழியட்டும் அண்ணாச்சி" என்று போய்விட்டார்கள். விலை இறங்கியபோது புரட்டாசி. முகூர்த்தமே இல்லை.

சரி, தீபாவளி கைகொடுக்கும் என்று இருந்தோம். அக்டோபர் 20 தீபாவளி. அதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. குறுவை நெல் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டி, கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடந்தது. நெல்லுக்குப் பணம் வராமல் கிராமத்து ஆள் கடைத்தெருவுக்கு வரமாட்டார். நம் கல்லாவின் சாவி வயலில்தான் இருக்கிறது. பவுன் வேறு அதே மாதம் 90,000 ரூபாயைத் தாண்டியது. நகைக்குப் போன காசு, அண்டாவிலும் குத்துவிளக்கிலும் குறைந்தது.

இவ்வளவு சொன்னபிறகு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 'டல்' என்று எழுதிய ஒரு உறுப்பினர் அதே வாரம் மாடியில் சரக்கு அடுக்கப் புதிதாக ராக் அடித்தார். இன்னொருவர் வாடகை ஒப்பந்தத்தை மூன்று வருஷத்துக்குப் போட்டார். விசாரித்தால், "2028 மகாமகம் வருதில்ல?" என்கிறார். 2016க்கு அப்புறம் வரும் மகாமகம், விடுவாரா! நல்லா ஓடுகிறது என்று எழுதினால் கட்டட உரிமையாளர் காதுக்குப் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. சீட்டில் பெயர் கேட்கவில்லையே என்றேன். கையெழுத்து தெரியும் என்றார்கள்.

அதனால் வரும் ஆண்டுச் சீட்டில் மூன்றாவது கேள்வியைச் சேர்க்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது: தீபாவளிக்குப் போன வருஷத்தைவிடக் கூடுதலாகச் சரக்கு சொல்லியிருக்கிறீர்களா, இல்லையா? டிக் அடித்தால் போதும், கையெழுத்து தெரியாது.

சந்தா பாக்கியைச் சித்திரைக்குள் கட்டிவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்