மலையகச் சட்டத்தரணிகளுக்கு: சத்தியக்கடதாசி பாதுகாவல் ஆகாது என்று முதலிலேயே சொல்லுங்கள்

இலங்கையின் மலையக நீதிமன்றங்களில் தொழில் செய்யும் சட்டத்தரணிகளுக்கு,

வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். யாரையும் வம்புக்கு இழுக்க இதை எழுதவில்லை. என் தங்கையின் மகளுக்குச் சட்டப்படி பாதுகாவலராக எனக்கு ஏறக்குறைய மூன்று வருடம் பிடித்தது. அதில் முதல் ஒரு வருடத்துக்கு மேல், உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவர் ஒரே ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டதால் வீணாய்ப் போனது. இனி உங்களிடம் வருகிறவர்களுக்காவது அந்த வசனத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தங்கை இறந்தது 2020 ஜனவரியில். கொழுந்து பறித்துப் பிள்ளையை வளர்த்தவள். கணவர் கொழும்புக்கு வேலைக்கென்று போனவர். மகள் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், இருந்த வயதிலேயே வருவதை நிறுத்திவிட்டார். காரியம் முடிந்த கையோடு பிள்ளையை என்னோடு கூட்டி வந்தேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. எதற்கும் லோயரிடம் ஒரு கடுதாசி எழுதி வைத்துக்கொள் என்று எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் சொன்னார்கள். போனேன். 5,000 ரூபாய். பிள்ளையை நான்தான் வளர்க்கிறேன் என்று ஒரு சத்தியக்கடதாசி. நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டோம். "இனி நீங்கள்தான் பிள்ளைக்கு கார்டியன்" என்று அவர் சொன்னார். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, நகை வைக்கிற பெட்டியில் வைத்தேன்.

பாடசாலை மாற்ற அது போதுமாக இருந்தது. மார்ச்சில் ஊரடங்கு வந்தது, நாடே வீட்டுக்குள் கிடந்தது. மறு வருடம் தங்கையின் சேமலாப நிதி (EPF) காசுக்காக அலைந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடுதாசியை இரண்டு தடவை வாசித்தார்.

"தகப்பன் உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார். எங்கே என்று தெரியாது."

"அப்படியென்றால் சட்டத்துக்கு அவர்தான் பாதுகாவலர். இதில் இருப்பது நீங்கள் சத்தியம் செய்து சொன்ன கதை மட்டும்தான் டீச்சர். கோர்ட் கட்டளை ஒன்று கொண்டு வாங்க."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. நம் நாட்டில் இன்னமும் செல்லுபடியாகும் ரோமன் டச்சுச் சட்டப்படி தகப்பன்தான் இயற்கைப் பாதுகாவலர். சோறு போடவில்லை, முகம் காட்டவில்லை என்பதால் மட்டும் அந்த உரிமை தானாக அற்றுப் போகாது. அதை வேறொருவர் கையில் கொடுக்கக்கூடியது மாவட்ட நீதிமன்றம். அதற்கான வழி குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 40ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்கு அ, ஆவன்னா மாதிரி. எனக்குத் தெரியாது. 5,000 ரூபாய் வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக நான் போன சட்டத்தரணி ஒரு இளம் பெண், தோட்டத்துப் பிள்ளை. உட்காரச் சொல்லிவிட்டு அவர் முதலில் சொன்னதே நான் மேலே குறிப்பிட்ட அந்த வசனம்தான்: "இந்தக் கடுதாசியால் நீங்கள் பாதுகாவலர் ஆக முடியாது." அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு மட்டும் போதுமா, பிள்ளைக்கு வரவேண்டிய காசையும் சொத்தையும் பார்க்கும் பொறுப்பும் வேண்டுமா? அவை இரண்டும் வேறுவேறு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

முதலாமவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: தத்து எடுத்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி தத்து எடுத்தால் பிள்ளை முழுக்க என் பிள்ளை. புதுப் பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் என் பெயர் வரும். அதை இந்தப் பெண்தான் விளங்கப்படுத்தினார். எனக்கு அது வேண்டாம். தங்கையின் பெயர் எழுத்தில் இருக்கிற இடங்கள் மொத்தமே நாலைந்துதான். அதில் ஒன்றை நான் அழிப்பதா? பிள்ளை என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், அப்படியே கூப்பிடட்டும். பாதுகாவல் போதும். பிள்ளைக்கு 18 வயதாகும்போது அதுவும் தானாக முடிந்துவிடும்.

தகப்பனையும் மனுவில் பிரதிவாதியாகப் போட்டு அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்றபோது வீட்டில் பெரிய சண்டை. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் வந்து பிள்ளையைக் கேட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. அவருக்குச் சொல்லாமல் எடுக்கிற கட்டளையை நாளைக்கு அவரே வந்து உடைக்கலாம் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கடைசிவரை அவர் வரவில்லை. வராதது நிம்மதியா வருத்தமா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். 2022இல் டீசல் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களில் வழக்கு இரண்டு தவணை தள்ளிப் போனது. அந்த வருடக் கடைசியில் கட்டளை கிடைத்தது. கிடைத்த அன்றே அதில் ஒரு பிழையும் இருந்தது. பிள்ளையின் பெயரில் ஒரு ழகரம் வரும். மனு சிங்களத்தில் தயாரானதால் அது லகரமாகிவிட்டது. பிறப்புச் சான்றிதழோடு பெயர் பொருந்தவில்லை. திருத்தி வாங்க இன்னும் இரண்டு தவணை.

இந்த இடத்தில் எனக்கு நல்ல சட்டத்தரணிகள்மீதும் கோபம் இருக்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நுவரெலியாவானாலும் பதுளையானாலும், மனுவைத் தமிழில் தாக்கல் செய்ய எங்களுக்கு உரிமை தருகிறது. மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் அரசு தர வேண்டும் என்கிறது. கேட்டால், தமிழில் போட்டால் இழுபடும் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நான் சத்தியம் செய்து கையெழுத்திட்ட ஆறு பக்கத்தில் ஒரு வரியைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை. நான் ஒரு ஆசிரியை. சிங்களத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால், கையெழுத்துக்கு முன் ஒரு தமிழ்ப் பிரதியாவது கொடுங்கள். அந்த ழகரத்தை நானே பிடித்திருப்பேன்.

காசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு மாதச் சம்பளம், லீவு எடுக்கலாம். மலையில் வேலை செய்கிறவருக்கு ஒரு தவணை என்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு, கூடவே பஸ் காசு, உங்கள் காசு. மொத்தம் எவ்வளவு வரும் என்று முதல் நாளே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் என்ன? வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசவென்றே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எங்கள் லயத்தில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. உங்களிடம் வருகிறவரால் காசு கட்ட முடியாது என்று தெரிந்தால் அங்கே அனுப்பிவிடுங்கள். கட்சிக்காரர் ஒருவர் குறைவார், அவ்வளவுதான்.

இங்கே இப்படிப் பேரப்பிள்ளைகளை வளர்க்கிற பாட்டிமார் எத்தனையோ பேர். தாய் இறந்தவை, தாய் சவூதிக்கோ குவைத்துக்கோ போனவை, தகப்பன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டவை. அந்த வீட்டுப் பெட்டிகளிலும் நான் வைத்திருந்த மாதிரிக் கடுதாசிகள் கிடக்கின்றன. பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதோ, வங்கிக்குப் போகும்போதோதான் அது வெறும் தாள் என்று தெரியவரும். சத்தியக்கடதாசி எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்கும் தேவை இருக்கிறது. எழுதிக் கொடுக்கும்போதே இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று சொல்லிக் கொடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் ஆகுமா?

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் மேல் லயத்து அம்மாயி ஒருவரை உங்களில் ஒருவரிடம் நான் கூட்டி வரப்போகிறேன். பேரனுக்கு ஐந்து வயது. பெயரில் ழகரம் கிடையாது. ஆனால் தகப்பனின் பெயர் கல்யாணச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கிறது. தயவுசெய்து மனு எழுத முன்னரே அதைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பொகவந்தலாவையிலிருந்து ஒரு பெரியம்மா